மலை மண்ணில் கார்பனும் தழைச்சத்தும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உழவர் கூட்டம், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம், கொழுந்து எடை போடும் இடம் என்று எங்கே பேச்சு எழுந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நைட்ரஜனை நம் ஊரில் தழைச்சத்து என்றும் சொல்வதால் இரண்டு பெயரும் வரும். முதல் மூன்று கேள்விகளைப் படித்துவிட்டால் பின்னால் வருபவை எளிதில் பிடிபடும்.

1. கார்பன் சுழற்சி, நைட்ரஜன் சுழற்சின்னு தனித்தனிப் பாடமாப் படிச்சோம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, அதுவும் பிரிக்க முடியாத அளவுக்கு. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பங்கைச் செடியே மூச்சாக வெளியே விட்டுவிடுகிறது. மீதி இலை, தண்டு, வேர் ஆகிறது. அதை மாடு தின்னலாம், அல்லது சருகாக விழலாம். கடைசியில் மண்ணில் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்று மறுபடி கரியமில வாயுவாக விடுகின்றன. இது கார்பன் போகும் வழி.

நைட்ரஜன் காற்றிலிருந்து சில பாக்டீரியாக்கள் வழியாக மண்ணுக்குள் வருகிறது. செடியில் புரதமாகிறது. சாணம், சிறுநீர், சருகு வழியாகத் திரும்ப மண்ணில் விழுந்து அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. செடி அதை மறுபடி உறிஞ்சும். நீர் தேங்கிய இடமானால் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பழையபடி வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இலையின் பச்சையத்துக்கும், கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிக்கும் நைட்ரஜன் தேவை. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவுக்கோ செடி தரும் சர்க்கரை தேவை. ஒன்றின் அளவு மாறினால் மற்றது அசையாமல் இருக்காது.

2. காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்னு பையன் புத்தகத்துல போட்டிருக்கு. அப்ப நான் எதுக்கு காசு கொடுத்து யூரியா வாங்கணும், டீச்சர்?

காற்றில் இருக்கும் நைட்ரஜனில் இரண்டிரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எந்தச் செடியாலும் அந்தப் பிடியைத் தானாக விடுவிக்க முடியாது. மின்னல் விடுவிக்கும். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா விடுவிக்கும். அப்புறம் தொழிற்சாலை. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்து காட்டியதை கார்ல் போஷ் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913-இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது. சுமார் 400 டிகிரிக்கு மேல் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு வரை அழுத்தம், அதற்கு இயற்கை எரிவாயு. மூட்டையில் வரும் ஒவ்வொரு யூரியாக் குருணைக்குப் பின்னாலும் எரிந்துபோன கார்பன் இருக்கிறது.

இலவசமாக நைட்ரஜன் பிடிக்கும் வேலையை உங்கள் வயலிலேயே பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் ஒரு பட்டாணிச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை மெதுவாகக் கழுவுங்கள். கடுகு முதல் மிளகு அளவுக்கு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. பட்டாணி நன்றாகப் பிடிக்கும். பீன்ஸ் அந்தக் குடும்பம்தான் என்றாலும் குறைவாகவே பிடிக்கும். அதனால் 'பீன்ஸ் போட்டாச்சு, அடுத்த பயிருக்கு உரம் வேண்டாம்' என்று கணக்குப் போடாதீர்கள்.

3. இவ்வளவு பெரிய கற்பூர மரம் (யூகலிப்டஸ்), இதோட எடையெல்லாம் மண்ணுல இருந்துதானே வருது?

காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கார்பன், அது முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் எடை போட்ட மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 75 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம் அளவுதான். தண்ணீர்தான் மரமாகிறது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அப்போது யாருக்கும் தெரியாது.

ஆனால் குறைந்த அந்தக் கொஞ்சம் மண்ணில்தான் தழை, மணி, சாம்பல் சத்துகள் இருந்தன. அவை இல்லாமல் 75 கிலோவும் இல்லை.

4. ஊட்டிப் பக்கம் மேல்மண் கறுப்பா இருக்கு. கீழே மேட்டுப்பாளையம் போனா அப்படி இல்லையே, ஏன்?

குளிர்தான் பெரிய காரணம். மக்க வைக்கும் நுண்ணுயிர்களின் வேகம் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ பாதியாகிறது. ஊட்டியில் செடி வளர்கிறது, சருகு விழுகிறது, வேர் செத்து மண்ணோடு சேர்கிறது. ஆனால் மக்குவது மெதுவாக நடக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படி மிஞ்சியதுதான் அந்தக் கறுப்பு. சமவெளியில் போடும் எரு போட்ட வேகத்திலேயே கரைந்து காற்றோடு போய்விடும்.

உலக அளவிலும் கணக்கு இதுதான். மேல் ஒரு மீட்டர் மண்ணில் இருக்கும் கார்பன், காற்றில் இருப்பதையும் எல்லாச் செடி மரங்களில் இருப்பதையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். நம் மலையில் கையிருப்பு தரைக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால்தான் வெப்பம் கூடுவது எனக்குக் கவலை தருகிறது. குளிர் காத்துவந்த கார்பனைச் சூடு வெளியே எடுத்துவிடும்.

5. புல்வெளியெல்லாம் சும்மாதானே கிடக்குது? அதுல மரம் நட்டா கார்பனைப் பிடிக்குமே!

அவலாஞ்சி, மேல் பவானி, முக்குருத்தி பக்கப் புல்மேடுகளைப் பார்க்கும் பலருக்கு இந்த எண்ணம் வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் வந்தது. அதனால்தான் கற்பூர மரமும் சீகையும் (வாட்டில் என்பதும் இதுவே) பைனும் புல்மேட்டில் ஏறின. விடுதலைக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. நல்ல நோக்கத்தோடு கேட்பவர்கள் இதைக் கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கும். ஏனென்றால் நாம் இழந்த புல்வெளியில் பெரும்பகுதி இப்படித்தான் போனது.

இந்தப் புல், காட்டை அழித்ததால் வந்ததில்லை. நீலகிரிப் பள்ளங்களில் நீர் தேங்கி, முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிச்சேறு இருக்கிறது. பீட் என்பார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்ப நாட்டுப் புல் வகைகள் கார்பனைப் பிடிக்கும் முறை வேறு, மரங்களின் முறை வேறு. அதனால் அவற்றில் கார்பன்-13 என்ற கொஞ்சம் கனமான வகையின் விகிதமும் வேறுபடும். சேற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் அந்த விகிதத்தை அளந்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் எது அதிகம் வளர்ந்தது என்று தெரியும். கடந்த பனியூழியின் வறண்ட காலத்தில், அதாவது 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் செழித்திருந்தது. பள்ளத்தில் சோலை என்னும் பசுமைமாறாக் காடு, மேட்டில் புல் என்ற அமைப்பு மிகப் பழையது.

புல்லின் கார்பன் கண்ணுக்குத் தெரியாது, வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. தீ வந்தாலும் மேலே உள்ள தாள் எரியும், கீழே இருப்பது பெரும்பாலும் தப்பும். கற்பூரத் தோப்பில் கார்பன் தரைக்கு மேலே நிற்கிறது. வெட்டினால் போச்சு, எரிந்தால் போச்சு. தண்ணீர்க் கணக்கும் உண்டு. க்ளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு, ஊட்டியில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் ஆண்டுக்கணக்கில் ஓடைநீரை அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதல் சுற்றில் சுமார் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் நீர் குறைந்தது. மரம் நட வேண்டுமென்றால் அழிந்த சோலையின் ஓரத்திலும் ஓடைக்கரையிலும் சோலை மரங்களையே நடுங்கள். புல்மேட்டை விட்டுவிடுங்கள்.

6. சீகை மரம் காத்துல இருந்து தழைச்சத்து பிடிக்குதுன்னு சொல்றீங்க. அப்ப அது நல்ல மரம்தானே, ஏன் வெட்டச் சொல்றாங்க?

தழைச்சத்து எல்லா இடத்திலும் நன்மை இல்லை. வயலுக்கு அது தேவை. ஏனென்றால் ஒவ்வோர் அறுவடையிலும் நாம் எடுத்துக்கொண்டு போகிறோம். புல்வெளி அப்படியில்லை. குறைந்த தழைச்சத்தில் வாழப் பழகிய புல்லும் சிறு பூச்செடிகளும் அங்கே இருக்கின்றன. தோடர் எருமைகள் மேய்ந்தாலும் சாணமாக அங்கேயே திரும்பப் போட்டுவிட்டுத்தான் வந்தன. அந்தக் கணக்கில் சீகை வந்து ஆண்டுதோறும் புதிதாக நைட்ரஜனைச் சேர்க்கிறது. மண் கொழுக்கிறது, நிழல் விழுகிறது, பழைய புல் போகிறது. ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற மஞ்சள் பூப் புதர்களும் இதே குடும்பம், இதே வேலை.

வெட்டினால் உடனே சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். மண்ணில் சேர்ந்த நைட்ரஜனும் இருக்கும் என்பதால் வெட்டிய இடத்தில் களை முந்திக்கொள்கிறது. தொடர்ந்து ஆட்கள் போய்க் கன்றைப் பிடுங்கினால்தான் புல் திரும்பும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழனி மலையில் பழைய சீகைத் தோப்புகளுக்குள், சோலை ஒட்டியிருக்கும் இடங்களில், சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டித் தள்ளினால் அந்தக் கன்றுகளும் போகும். புல்மேட்டில் பரவும் சீகையை முதலில் எடுக்க வேண்டும், சோலை ஓரத்துப் பழைய தோப்பில் பொறுமையாகப் போக வேண்டும் என்பது என் கருத்து.

7. ஒரு மூட்டை யூரியா போட்டா செடிக்கு எவ்வளவு போகுது? மிச்சம் எங்கே போகுது?

45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது சுமார் 20.7 கிலோ. உலக அளவில் பயிருக்குப் போடும் நைட்ரஜனில் பாதியோ அதற்கும் குறைவோதான் பயிருக்குள் போகிறது. மிச்சத்துக்கு மூன்று வழி. அம்மோனியாவாகக் காற்றுக்குப் போகலாம். நைட்ரேட்டாகத் தண்ணீரோடு இறங்கலாம். அல்லது நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பலாம்.

நம் மலையில் பெரிய கசிவு தண்ணீர் வழியாகத்தான். புளித்த மண்ணில் அம்மோனியா பறப்பது சுண்ணாம்பு மண்ணைவிடக் குறைவு. ஆனால் சரிவும் மழையும் நம்முடையது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி வேண்டாம், சாதாரணத் தென்மேற்குப் பருவமழை வாரமே போதும். அம்மோனியம் மண் துகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கும். நைட்ரேட் நிற்காது, தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள், அவர்களின் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்க முடியாமல் போகும். வயலுக்குக் கீழே இருக்கும் ஊற்றில் குடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நைட்ரஸ் ஆக்சைடு அளவில் கொஞ்சம்தான். போட்ட நைட்ரஜனில் சுமார் 1 சதவீதம் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு சூடேற்றும். அப்படிப் பார்த்தால் ஒரு மூட்டையிலிருந்து சுமார் 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியாவுக்குள் இருக்கும் கார்பனும் மண்ணில் பிரிந்து இன்னொரு 33 கிலோ கரியமில வாயுவாகிறது. தொழிற்சாலையில் எரிந்தது இதில் சேரவில்லை.

8. நான் யூரியாவே போடறதில்லை. கோழி எருதான். அப்ப என் வயல்ல இந்தப் பிரச்சினை இல்லையே?

கோழி எரு நல்லது, மண்ணுக்குக் கார்பனும் தருகிறது. ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு சீக்கிரமே அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட்டாகிவிடும். நைட்ரேட்டான பிறகு அது மூட்டையிலிருந்து வந்ததா, லாரியில் வந்ததா என்று மழை பார்ப்பதில்லை. 7-ஆம் பதிலில் சொன்ன மூன்று வழிகளும் அப்படியே பொருந்தும். மழைக்கு முன்னால் ஒரு லோடு பச்சை எருவைக் கொட்டிவைத்து, அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் வாய்க்காலில் இறங்குவதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சத்து.

மேடான இடத்தில் குவித்து, மூடி, நன்றாக மக்கவிட்டுப் போடுங்கள். கேரட்டுக்கு மக்காத எரு எப்படியும் ஆகாது. கிழங்கு கவையாகப் பிரியும்.

9. சருகும் மரத்தூளும் போட்டா மண்ணுக்கு நல்லதுன்னாங்க. போட்டேன், முட்டைக்கோஸ் நாத்து மஞ்சளாயிடுச்சு. ஏன்?

மக்க வைக்கும் நுண்ணுயிர்களின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. அவை தின்னும் பொருளில் கார்பன், நைட்ரஜனைப் போல 20, 25 மடங்குக்குள் இருந்தால் மிச்ச நைட்ரஜனை மண்ணுக்கு விடும். 30 மடங்குக்கு மேல் போனால் போதாது, மண்ணில் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும். மரத்தூளில் அது சில நூறு மடங்கு. அதனால் நாற்றுக்குப் போக வேண்டியது நுண்ணுயிருக்குப் போய்விட்டது.

இது நிரந்தர இழப்பு இல்லை, சில மாதத்தில் திரும்ப வரும். மரத்தூளைச் செடி நடும் பாத்தியில் கலக்காமல், கோழி எருவோடு அடுக்கி ஒரு பருவம் மக்கவிடுங்கள். ஒன்றில் கார்பன் அதிகம், மற்றதில் நைட்ரஜன் அதிகம். 8-ஆம் கேள்வியில் சொன்ன கசிவும் இதனால் குறையும்.

10. மண் புளிச்சுப்போச்சுன்னு டோலமைட் போடச் சொல்றாங்க. முன்னாடி எங்க அப்பா காலத்துல இப்படி இல்லையே?

அதிக மழை பெய்யும் மலையில் மண் இயல்பாகவே புளிப்பு. அதோடு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் ஒவ்வொரு முறையும் அமிலம் வெளிவருகிறது. அந்த நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி ஈடாகும். அது கழுவிக்கொண்டு போனால், கூடவே கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இழுத்துப் போகும், புளிப்பு மட்டும் வயலில் தங்கும். அமோனியம் சல்பேட் இந்த வேலையை யூரியாவைவிட வேகமாகச் செய்யும். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. காய்கறிக்கு அவ்வளவு தாங்காது. டோலமைட் என்பது கால்சியமும் மெக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக் கல்தூள், புளிப்பைக் குறைக்கும். பரிசோதனைச் சீட்டில் சொன்ன அளவுக்குப் போடலாம், கண்மூடித்தனமாக வேண்டாம்.

11. கேத்தி பாலாடா பக்கம் ஒரு சதுப்பை வடிச்சு கேரட் போட்டாங்க. முதல் சில வருஷம் அமோக விளைச்சல். இப்ப உரம் கூட்டிப் போட்டாலும் அப்படி வரலை. என்ன ஆச்சு?

இந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. சதுப்பில் தண்ணீர் நிற்கும்வரை மண்ணுக்குள் காற்றுப் போகாது, அதனால் மக்குவது மிக மெதுவாக நடக்கும். தலைமுறை தலைமுறையாகக் கார்பனும் அதோடு பிணைந்த நைட்ரஜனும் சேரும். 5-ஆம் பதிலில் வந்த கரிச்சேறு இதன் முற்றிய வடிவம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கியதும் உள்ளே காற்றுப் போனது. நுண்ணுயிர்கள் சேமிப்பைத் தின்னத் தொடங்கின. கார்பன் வாயுவாகப் போனது, நைட்ரஜன் பயிருக்குக் கிடைத்தது. அந்த அமோக விளைச்சல் வந்த வழி அதுதான். சேர்த்தது தீர்ந்ததும் விளைச்சல் இறங்கிவிட்டது. மண்ணும் அமுங்கித் தாழ்ந்திருக்கும், கவனித்துப் பாருங்கள்.

இழப்பு அதோடு நிற்கவில்லை. மேட்டு வயல்களிலிருந்து வரும் நைட்ரேட்டை அந்தச் சதுப்புதான் வாங்கி, 1-ஆம் பதிலில் சொன்னபடி வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வடிகட்டி இல்லை, நைட்ரேட் நேராக ஓடைக்கு இறங்குகிறது. பள்ளத்தில் மிஞ்சியிருக்கும் சதுப்பை, அது ஒரு பாத்தி அகலமே இருந்தாலும், தொடாமல் விடுங்கள். ஏற்கெனவே வடித்த இடத்தில் ஓடையை ஒட்டி ஒரு பட்டையாவது நாணலுக்கும் புல்லுக்கும் விட்டுக்கொடுங்கள். நிலம் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமில்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

கேரட் கழுவும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் சேற்றுத் தண்ணீரையும் ஒரு குழியில் தேக்கித் தெளியவிடலாம். அடியில் படிவது உங்கள் மேல்மண்தான், அள்ளித் திரும்ப வயலில் போடுங்கள்.

12. தேயிலைத் தோட்டம் வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கு. அது காடு மாதிரிதானே கார்பன் பிடிக்கும்?

இல்லை. இடுப்பளவில் கவாத்து வெட்டி நிறுத்தும் செடியில் சோலை மரத்தில் இருக்கும் அளவு கார்பன் இருக்க முடியாது. சோலையை அழித்துத் தேயிலை வைத்த அன்றே பெரிய இழப்பு நடந்துவிட்டது. ஆனால் இப்போது இருக்கும் தோட்டத்தை நன்றாக நடத்தினால் மண் கார்பன் மீளும். கவாத்துக் கழிவை விறகுக்கு அள்ளாமல் வரிசைக்கு நடுவே போடுவதும், நிழல் மரம் வைப்பதும் அதற்கு உதவும். கொழுந்து என்பது செடியிலேயே நைட்ரஜன் செறிந்த பகுதி. 100 கிலோ தேயிலைத்தூள் வெளியே போனால் சுமார் 4 கிலோ நைட்ரஜன் போகிறது, அதை ஈடு கட்டித்தான் ஆக வேண்டும்.

13. ஃபேக்டரியில விறகு எரிக்கிறோம். மரம் மறுபடி வளருமே, அப்ப கணக்கு சரியாயிடும்ல?

வெட்டிய இடத்தில் அதே அளவு மரம் வளர்ந்து முடித்தால் சரியாகும். அதுவரை கார்பன் காற்றில்தான் இருக்கும். கற்பூரம் பத்துப் பதினைந்து ஆண்டில் திரும்ப வளரும், பழைய தோப்பைச் சுழற்சியாக வெட்டினால் நிலக்கரியைவிட மேல். அந்த விறகுக்காகப் புல்மேட்டில் புதிதாக நட்டால் 5-ஆம் கேள்விக்குத் திரும்பப் போய்விடுவோம்.

14. வண்டிப் புகையில வர்றது கார்பன் மட்டும்தானே?

நைட்ரஜனும் வருகிறது. இயந்திரத்தின் சூட்டில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன, அதாவது மின்னல் செய்யும் அதே வேலை. அவை மழையோடும் மூடுபனியோடும் சாலையோரக் காட்டில் இறங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. 2024 மே முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது நெரிசலுக்காக, ஆனால் இந்தக் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

15. ஊட்டி ஏரியில எத்தனை தடவை ஆகாயத்தாமரையை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருதே?

1820-களில் ஜான் சல்லிவன் வெட்டிய ஏரி அது. ஊர்க் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக அதில் சேர்கிறது. ஒரு மனிதர் ஓர் ஆண்டில் வெளியேற்றும் நைட்ரஜன் 4 கிலோ அளவு. இங்கே வந்து தங்கும் ஒவ்வொருவரும் சமவெளியில் விளைந்த அரிசியும் பருப்பும் கறியும் சாப்பிடுகிறார்கள். அந்த நைட்ரஜன் மலை ஏறி வந்து ஏரியில் இறங்குகிறது, கூடவே பாஸ்பரஸும். செடியை அள்ளுவது அதில் ஒரு பங்கை எடுக்கும், எடுத்ததைக் கரையிலேயே அழுகவிட்டால் அதுவும் திரும்ப உள்ளே போகும். வரும் வழியில் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் இதற்கு முடிவு கிடையாது.

16. முதுமலையில தீ பிடிச்சா சாம்பல் உரமாகும், புல் நல்லா வரும்னு பெரியவங்க சொல்வாங்க. அது தப்பா?

பாதி சரி. சாம்பல்சத்து, கால்சியம், மணிச்சத்து சாம்பலில் தங்கும், புல் துளிர்க்கும். ஆனால் தழைச்சத்து சாம்பலில் நிற்காது, நெருப்புச் சூட்டில் வாயுவாகக் கிளம்பிவிடும். பல ஆண்டுக்கு ஒரு முறை மெல்லிய தீ என்றால் காடு மீண்டுவிடும். அடிக்கடி எரிந்தால் ஈடு கட்ட நேரம் கிடைக்காது. முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலத்தில் இந்திய அறிவியல் கழகத்தினர் ஒவ்வொரு மரமாகக் குறித்துத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். இலையுதிர் காட்டுக்கு நெருப்பு பழக்கமானதுதான். சோலைக்குள் நெருப்பு வருவதோ பெருங்கேடு.

17. கரியமில வாயு கூடினா செடிக்குச் சாப்பாடு கூடுதுன்னு அர்த்தம். அப்ப காடு தானா செழிக்காதா?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. செடிகள் கொஞ்சம் வேகமாக வளர்வது உண்மைதான். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் பாதியை நிலமும் கடலும் வாங்கிக்கொள்வதால்தான் நிலைமை இந்த அளவில் நிற்கிறது.

ஆனால் அரிசி மட்டும் மூட்டை மூட்டையாக வந்து பருப்பு வராத வீட்டில் சாம்பார் வைக்க முடியாது. கூடுதல் கார்பனை உடலாக்க கூடுதல் நைட்ரஜன் வேண்டும். 2-ஆம் பதிலில் சொன்னபடி அது சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது வளர்ச்சி ஓர் அளவோடு நிற்கும். இதில் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். சொந்தமாக நைட்ரஜன் பிடிக்கத் தெரிந்த செடிகளுக்குத் தடை குறைவு. நம் புல்மேட்டில் அவை சீகையும் புரூமும்.

18. எரிமலை விடற வாயுவுக்கு முன்னாடி நம்ம விடறது ஒண்ணுமில்லைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றில் கூடியது எங்கிருந்து வந்தது என்பதற்கு 5-ஆம் பதிலில் வந்த கார்பன்-13 இங்கேயும் சாட்சி. நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிர்களிலிருந்து வந்தவை, அவற்றில் கார்பன்-13 குறைவு. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலும் அந்த விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. எரிமலைக் கார்பன் காரணமானால் இப்படிக் குறையாது.

19. கார்பன் கிரெடிட் தர்றோம், கையெழுத்துப் போடுங்கன்னு ஒருத்தர் வந்தார். போடலாமா?

கார்பன் கிரெடிட் என்பது, மரமும் மண்ணும் பிடித்துவைக்கும் கார்பனைக் கணக்கிட்டுத் தரும் சான்று. அதை விற்றுக் காசாக்குவார்கள். வந்தவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். எந்த நிலத்தில் நடப்போகிறார்கள்? புல்வெளி, சதுப்பு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மண்ணிலிருக்கும் கார்பனை இன்றே எந்த ஆழம்வரை அளக்கப்போகிறார்கள்? மேலே மரத்தை மட்டும் எண்ணினால் கீழே இழந்தது கணக்கில் வராது. எத்தனை ஆண்டுக்கு நிலத்தைக் கட்டிப்போடுகிறது ஒப்பந்தம்? நடுவில் காற்றடித்தோ தீப்பிடித்தோ மரம் போனால் பணத்தை யார் திருப்பித் தருவது? எழுத்தில் பதில் வந்த பிறகு, வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் முழுக்க வாசித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

20. மண்வள அட்டையில 'கரிமக் கார்பன்: அதிகம்'னு வந்திருக்கு. தழைச்சத்து நிறைய இருக்குன்னு அர்த்தமாம். ஆனா உரம் குறைச்சா பயிர் வெளுக்குதே?

கரிமக் கார்பன், அதாவது மண்ணில் மக்கிய பொருளில் இருக்கும் கார்பன், 0.75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதிகம் என்று அட்டை சொல்லும். கார்பன் இருக்கும் இடத்தில் நைட்ரஜனும் இருக்கும் என்பதால், தழைச்சத்துக்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். சமவெளிக்கு அது ஓரளவு பொருந்தும். நம் மண்ணில் அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டும் வயல்கள் உண்டு. இருப்பு பெரியது என்பது உண்மைதான். ஆனால் 4-ஆம் பதிலில் சொன்ன குளிரும், 10-ஆம் பதிலில் சொன்ன புளிப்பும் சேர்ந்து அதை மிக மெதுவாகத்தான் வெளியே விடுகின்றன. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஏறத்தாழ நின்றே போகும்.

அதனால் அட்டையைப் பார்த்து உரத்தை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், வெளுக்கிறதே என்று இரட்டிப்பாகக் கொட்டவும் வேண்டாம். புளிப்பைச் சரிசெய்தாலே உள்ளே இருப்பது கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். மொத்த அளவைப் பிரித்து, அடியுரமாகக் கொஞ்சம், செடி வேர் பிடித்து வளரும்போது இரண்டு முறை என்று போடுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஒரு பாத்திக்கு மட்டும் கால் பங்கு குறைத்துப் போட்டு, குச்சி நட்டு அடையாளம் வைத்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரமும் எருக்குவித்த இடமும் வேண்டாம். வயலில் பத்து இடத்திலாவது 'வி' வடிவத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுத்தால் போதும். உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.